75 கிலோக் கோடு

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்றார் நர்ஸ். கழற்றினேன். கைப்பையை நாற்காலியில் வைத்தேன். கைக்கடிகாரத்தையும் கழற்றலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ரொம்ப அல்பத்தனமாகத் தோன்றியதால் விட்டுவிட்டேன். முள் 80 வரை ஓடி, ஆடி, 77-ல் வந்து நின்றது. "அப்போ 1200" என்று ஃபைலில் எழுதிக்கொண்டார்.

அது 2008. எனக்கு ஹெபடைடிஸ் சி, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்த வைரஸின் வகைகளில் எனக்கு ஜீனோடைப் 1. மகள் பிறந்தபோது ஏற்றிய இரத்தத்தில் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அவள் பிறந்தது 1988-ல். அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான். பெயர்கூட வைக்கப்படாத ஒன்றை இரத்தத்தில் யார் தேடியிருக்க முடியும்? அதனால் யார் மேலும் கோபப்பட வழியில்லை. 20 வருஷம் சத்தமே இல்லாமல் ஈரலில் குடியிருந்துவிட்டு, ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டது.

1200 என்பது மில்லிகிராம். ரிபாவிரின் மாத்திரையின் ஒரு நாள் அளவு. ஜீனோடைப் 1 ஆட்களுக்கு 75 கிலோவுக்குக் கீழே இருந்தால் 1000, அதற்கு மேல் 1200. அதுவரை என் எடை சொந்தக்காரர்கள் கேலி பேசும் விஷயமாக மட்டுமே இருந்தது. அன்றுதான் அது மருந்துச் சீட்டில் ஏறியது. 157 சென்டிமீட்டர் உயரத்துக்கு 77 கிலோ என்றால் பி.எம்.ஐ. 31. "ஒபீஸ்", அதாவது பருமன், என்று ஆங்கிலத்தில் எழுதி அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார் டாக்டர். கோடு தேவையில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ரிபாவிரினோடு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரத்துக்கு. எனக்குக் கிடைத்த வகையில் எல்லாருக்கும் ஒரே அளவு, 180 மைக்ரோகிராம். இன்னொரு வகை இருந்தது. அதை கிலோவுக்கு ஒன்றரை மைக்ரோகிராம் என்று எடையைப் பார்த்துப் போடுவார்கள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து நானே குத்திக்கொள்ளக் கற்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி, சனிக்கிழமை முழுக்கக் காய்ச்சலும் நடுக்கமும், ஞாயிறு பாதி உயிர், திங்கள் ஆபீஸ். நான்காவது வாரத்துக்குள் நாக்கு செத்துப்போனது. வாயில் எதை வைத்தாலும் பழைய சாவியை நக்கினது மாதிரி ஒரு ருசி. 20 வாரத்தில் 77 கிலோ 68 ஆனது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா இளைச்சிட்டியே, என்ன பண்ணினே?" என்று கேட்டார்கள். சிலர் பொறாமையோடுகூட. என்ன செய்தேன் என்று சொல்ல முடியுமா?

இதற்கு நடுவில் ஹீமோகுளோபின் 9.4-க்கு இறங்கியது. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். பத்துக்குக் கீழே போனால் அளவை 600 ஆகக் குறைப்பது அன்றைய விதி. ஆக, 75 கிலோக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று செருப்பைக் கழற்றி அளந்ததெல்லாம் நாலே மாதத்தில் அர்த்தமிழந்துவிட்டது. கோட்டுக்குக் கீழேயும் வந்துவிட்டேன், மருந்தும் பாதியாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். அக்கா பதறிப்போய் ஒரு அயர்ன் டானிக் பாட்டிலோடு வந்து நின்றாள். "ரத்தம் கம்மியா இருக்குடி, இதைக் குடி." எனக்கு இரும்பு குறையவில்லை. இருக்கிற அணுக்கள் உடைவதால்தான் சோகை, உடைந்ததிலிருந்து வரும் இரும்பே உடம்பில் மிச்சம். ஹெபடைடிஸ் சி இருக்கிற ஈரலில் இரும்பு ஏற்கெனவே அதிகமாகச் சேரப் பார்க்கும், அது வீக்கத்தைக் கூட்டும். பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தாலொழிய அயர்ன் மாத்திரை இந்த நோய்க்காரர்கள் தொடக்கூடாத ஒன்று. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டேன். ரொம்ப வருஷம் அங்கேயே இருந்தது.

24-ஆவது வாரம் பரிசோதித்தபோது வைரஸ் குறைந்திருந்தது, போகவில்லை. அந்தக் கட்டத்திலும் இரத்தத்தில் தென்பட்டால் மேற்கொண்டு ஊசி போட்டுப் பயனில்லை என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினார்கள். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "ஆரம்பத்துல உடம்பு கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. அடுத்த பத்து வருஷம் அதை நான்தான் விதவிதமாக முடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது பொய் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்டர்ஃபெரான் காலத்தில் பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்தவர்களுக்கு வைரஸ் போகும் வாய்ப்பு உண்மையிலேயே குறைவு. தோலுக்கடியில் போடும் ஊசி தடித்த உடம்பில் அதே வேகத்தில் இரத்தத்துக்கு வருவதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஈரலுக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்ஃபெரான் வைரஸைத் தானாகக் கொல்வதில்லை. ஈரல் செல்லின் கதவைத் தட்டி "உள்ளே திருடன் இருக்கிறான், எழுந்திரு" என்று சொல்கிறது, அவ்வளவுதான். கொழுப்பு படிந்து, இன்சுலின் பேச்சையே கேட்காமல் மரத்துப்போன செல், இன்டர்ஃபெரான் பேச்சையும் சரியாகக் கேட்பதில்லை. அந்த அழைப்பை அமுக்கிவிடும் புரதங்கள் பருத்த உடம்பின் ஈரலில் கூடுதலாக இருக்கின்றன. அதனால்தான் அன்றைக்குச் சிகிச்சைக்கு முன் எடையைக் குறை, சர்க்கரையைக் கட்டுப்படுத்து என்று சொல்வது நியாயமாக இருந்தது.

சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, இன்சுலினைக் கேட்காதபடி ஈரலைக் கெடுப்பதில் இந்த வைரஸுக்கே பங்கு உண்டு. ஒல்லியானவர்களுக்கும் ஹெபடைடிஸ் சி வந்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஜீனோடைப் 3 என்றால் இன்னும் மோசம், அது தானாகவே ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், வைரஸ் போனால் அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் போய்விடும். ஆக, என் ஈரலின் கொழுப்பில் எது என் வாயால் வந்தது, எது வந்தேறியால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, 2009-ல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. 19-ஆவது குரோமோசோமில், ஐ.எல்.28பி என்ற மரபணுவின் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைப் பொறுத்து, ஜீனோடைப் 1 நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் பலிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தெரியும் விஷயங்களில் அதுதான் முக்கியமானது என்று ஆனது. எனக்கு அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று நான் பார்த்துக்கொள்ளவே இல்லை. பிறக்கும்போதே கொண்டுவந்த எழுத்தை யார் மேல் பழி போடுவது? தலையெழுத்து என்பது இதுதான் போலிருக்கிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் காட்டப்பட்டது எடை மெஷின் மட்டும்தான்.

நம் பாஷையே இதில் எனக்கு எதிராக வேலை செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். உனக்குக் கொழுப்பு என்றால் திமிர் என்று அர்த்தம். வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்றால் ஒழுக்கம் என்று அர்த்தம். ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்தவளுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே காதில் விழும்.

அடுத்த பத்து வருஷம் பத்தியம். எண்ணெயை அறவே நிறுத்தினேன். ஈரல் நோய்க்குக் கொழுப்பே ஆகாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஈரலில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் ஈரலே தயாரிக்கும் சரக்காக இருக்கலாம் என்பது தெரியாமல், எண்ணெயை விட்ட பசியைப் பழச்சாறாலும் பிஸ்கட்டாலும் தீர்த்துக்கொண்டிருந்தேன். பழச்சாறு உடம்புக்கு நல்லது அல்லவா! எடை 68-லிருந்து ஒன்றரை வருஷத்தில் 76-க்குத் திரும்பியது. சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

வீட்டில் இன்னொரு பத்தியமும் நடந்தது, அது எனக்கில்லை, என் தட்டுக்கு. தட்டும் டம்ளரும் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டன. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் அலமாரியில் என் டம்ளரில் மட்டும் நெயில் பாலிஷால் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. ஹெபடைடிஸ் சி இரத்தத்தால்தான் பரவும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைத் தனியாக வைத்தால் போதும். நகவெட்டி வீட்டுக்கே பொதுவாக ஒன்று இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

2011-ல் புது மாத்திரைகள் வந்தன என்று காத்திருப்பு அறைத் தோழி ஒருத்தி ஃபோன் செய்தாள். டெலாப்ரெவிர். இன்டர்ஃபெரானோடு சேர்த்துத்தான், ஆனாலும் முன்னைவிடப் பலிக்கும். "ஆனா ஒரு கூத்து கேளு" என்றாள். மாத்திரையை ஒவ்வொரு வேளையும் 20 கிராம் கொழுப்போடு சாப்பிட வேண்டுமாம். நாளைக்கு மூன்று வேளை, கிட்டத்தட்ட எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் மருந்து ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்துபோகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 14 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷக்கணக்கில் கொழுப்பைக் கண்ணால் பார்க்காமல் வாழ்ந்தவள், ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, இருட்டில் சமையலறையில் நின்றபடி 25 கிராம் வெண்ணெயை ஸ்பூனால் வழித்து விழுங்கினாள். "தொண்டையில இறங்கவே மாட்டேங்குதுடி. முதல் நாள் அழுதுட்டேன், எதுக்குன்னே தெரியல." அவளுக்கு வைரஸ் போனது. அந்த மாத்திரை சில வருஷத்திலேயே காணாமல் போனது, அதைவிட நல்லது வந்துவிட்டதால். கொழுப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி என்று எனக்கு உறைத்தது அந்த ஃபோனில்தான். எந்த மருந்தோடு, எந்த ஈரலில், எதற்காக என்று கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த நோயின் சாப்பாட்டு ஆலோசனைகளில் பாதிக்குமேல் பழைய சிகிச்சையிலிருந்து மிச்சமானவை. அதைத்தான் 2018-ல் நேரில் அனுபவித்தேன்.

அந்த வருஷம் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் கருவி. போவதற்கு முன் மூன்று மணி நேரம் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரலுக்கு இரத்த ஓட்டம் கூடி, இருப்பதைவிட இறுக்கமாகக் காட்டும். விலாவில் வைக்கும் முனையிலும் பருமனானவர்களுக்கென்று பெரிய அளவு ஒன்று உண்டு. எனக்கு அதைத்தான் மாட்டினார்கள். 13.8 என்று வந்தது. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன நிலை, ஆனால் ஈரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டம்.

புது டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று, 12 வாரம் என்றார். அப்போது எடை 74. நான் பழைய பாடத்தை மறக்காத நல்ல மாணவியாக, "ஒரு ஆறு மாசம் டயம் கொடுங்க டாக்டர், பத்து கிலோ குறைச்சிட்டு வந்துடறேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த மாத்திரைகள் ஈரல் செல்லைத் தட்டி எழுப்பி வேலை வாங்குவதில்லை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும் இயந்திரத்திலேயே போய்ச் சொருகி நிறுத்துகின்றன. செல் மரத்துப்போயிருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. 50 கிலோ ஆளுக்கும் 120 கிலோ ஆளுக்கும் அதே மாத்திரை, அதே அளவு. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது, பருமனானவர்களிலும் அப்படியே. எடையைப் பார்த்து அளவை மாற்றுவது குழந்தைகளுக்கு மட்டும்தான்: இந்த மாத்திரையில் 30 கிலோவைத் தாண்டிவிட்டால் பெரியவர்கள் அளவு. அந்த 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் 12 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகள் எல்லாருக்கும் சிகிச்சை கொடுங்கள் என்று பரிந்துரைத்துவிட்டது. "நீங்க இளைக்கிற வரைக்கும் வைரஸ் சும்மா இருக்குமா? முதல்ல இதை முடிப்போம், அப்புறம் எடையைப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர். இன்றைக்கும் யாராவது "எடையைக் குறைச்சிட்டு வா, அப்புறம் ட்ரீட்மென்ட்" என்று கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரோசிஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கிற ஈரலுக்கு ஆறு மாதம் என்பது விளையாட்டில்லை.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று அடுத்த பழைய கேள்வியைக் கேட்டேன். இந்த மாத்திரைக்கு எப்படியும் சரி. க்ளேகாப்ரெவிர் - பிப்ரென்டாஸ்விர் என்ற இன்னொரு ஜோடி உண்டு, அதைக் கண்டிப்பாகச் சாப்பாட்டோடு போட வேண்டும். மருந்து மாறினால் விதி மாறும், பக்கத்துப் படுக்கைக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்யக்கூடாது. பிறகு டாக்டர் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா? மூலிகை, சூரணம், எதுவா இருந்தாலும்." சர்க்கரை மாத்திரையைச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

பொய் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு ஒமிப்ரசோல் போடுவதை நான் மருந்தாகவே நினைத்ததில்லை. நெஞ்செரிச்சலுக்கு ஆறு வருஷமாகப் போடுகிறேன், பல் துலக்குவது மாதிரி. பருமனான உடம்புக்கு நெஞ்செரிச்சல் கூடப் பிறந்தது. ஒன்பதாவது நாள் மகள் மாத்திரைத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, நீ காலைல போடறது என்ன?" என்று கேட்டாள். வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நானோ அமிலத்தை அடைத்துவிட்டு மேலே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். 84 மாத்திரையில் ஒன்பது அரைகுறையாகக் கரைந்து போயிருக்குமோ என்று அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. ஒமிப்ரசோலை நிறுத்தச் சொன்னார். முடியவே முடியாது என்றால் 20 மில்லிகிராம் மட்டும், அதுவும் வைரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டு நாலு மணி நேரம் கழித்து. சாதாரண ஆன்டாசிட் மருந்து என்றாலும் நாலு மணி நேர இடைவெளி. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு நகர்த்தினேன், தலையணையை உயர்த்தினேன், வண்டி ஓடியது. நான்காவது வார இரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், எடையைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் பத்து வருஷம் புலம்பிய நான், சிகிச்சையை உண்மையில் கெடுக்கக்கூடிய ஒன்றை தினமும் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான். சூரணத்தைப் பற்றிக் கேட்டதிலும் விஷயம் இருந்தது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இந்த மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், சேர்க்கவே கூடாது. ஈரலுக்கு நல்லது என்று விற்கும் சிலிமரினை, என்னைப் போல இன்டர்ஃபெரான் பலிக்காதவர்களுக்கே கொடுத்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய அளவில் கொடுத்தும், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் ஈரல் என்சைமில் வித்தியாசமில்லை. நானும் இரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்கள் நழுவ ஆரம்பித்தன. கை நடுங்கியது, பின்கழுத்தில் குளிர்ந்த வியர்வை. சர்க்கரை பார்த்தால் 58. வைரஸ் போகப்போக ஈரல் மறுபடி இன்சுலின் சொல்லைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்த கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இப்போது அதிகமாகிவிட்டது. பாதியாகக் குறைத்தார்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் முன்பைவிட அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த 58-ல் பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. இதெல்லாம் என் வாயால் மட்டும் வந்ததில்லை என்பதற்கு என் இரத்தமே சாட்சி சொன்ன மாதிரி.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் வைரஸ் இல்லை என்றால் குணம் என்று அர்த்தம். இல்லை. குணம். அக்கா ஃபோனில் அழுதாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எடையைப் பற்றி எழுத ஒன்றுமிருக்காது. ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறினேன். சோர்வு போய், நாக்கு உயிர் பெற்று, "இனி என்ன" என்ற தைரியமும் சேர்ந்தால் அப்படித்தான். கெட்ட கொலஸ்ட்ரால் 84-லிருந்து 131-க்குத் தாவியது. மாத்திரைதான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியில்லை. இந்த வைரஸ் ஈரல் செல்லின் கொழுப்புத் துளிகளின் மேல் உட்கார்ந்துதான் உருவாகிறது, ஈரல் இரத்தத்துக்கு அனுப்பும் கொழுப்புப் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறது. அது இருந்தவரை கொலஸ்ட்ரால் பொய்யாகக் குறைந்து காட்டியது. போனதும் உண்மைக் கணக்கு வந்துவிட்டது. மறுபடி எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் இறுக்கம் 9.1-க்கு இறங்கியிருந்தது, கொழுப்பு அளவு மட்டும் அப்படியே. "இது இப்போ முழுக்க உங்களோடது" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டு. வைரஸ் போன ஈரலையும் கொழுப்பும் சர்க்கரையும் மதுவும் தொடர்ந்து கெடுக்கும். நான் மது தொட்டதில்லை. தொடுகிறவர்களுக்கு, சிரோசிஸ் இருந்தால் குணமான பிறகும் ஒரு சொட்டும் கூடாது.

இந்த முறை எடை குறைப்பதை வேறு மாதிரி செய்யச் சொன்னார்கள். அதற்குக் காரணம் காத்திருப்பு அறையில் நான் பார்த்த ஒரு பெரியவர். "ஒரு வருஷமா எடை 70-லயே நிக்குது, ஒரு கிலோ இறங்கல, நல்ல உடம்பு" என்று பெருமையாகச் சொன்னார். சட்டைக் கைக்குள்ளே கை ரெண்டு குச்சி மாதிரி இருந்தது. வயிறு பெல்ட்டுக்கு மேலே இறுக்கமாகப் பளபளத்தது. தசை கரையக் கரைய அந்த இடத்தில் நீர் கோத்து, மெஷினில் எண் மாறாமல் நின்றிருக்கிறது. முற்றிய ஈரல் நோயில் எடை மெஷினை நம்பவே கூடாது. சில நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாடு இல்லை, தண்ணீர். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீர் கோத்தவர்களுக்கு உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், எல்லாப் பொட்டலத்திலும் இருப்பதைச் சேர்த்து. எடை குறைப்பு அவர்களுக்கான பேச்சே இல்லை.

என் மாதிரி சமாளிக்கும் கட்டத்தில் இருப்பவர்களும் பட்டினி கிடந்து இளைக்கக்கூடாது. சிரோசிஸ் ஈரலால் சர்க்கரையைப் போதுமான அளவு சேமித்து வைக்க முடியாது. ராத்திரி ஒரு தூக்கம், மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். விடிவதற்குள் உடம்பு தன் தசையையே அரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். பழைய காலத்தில் ஈரல் நோய் என்றாலே புரதத்தைக் குறை என்பார்கள். இப்போது தலைகீழ், கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரை வேண்டும். என் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை வைத்து எனக்கு 70 கிராம் என்று கணக்குப் போட்டார்கள். பழச்சாறும் பிஸ்கட்டும் போயின, எண்ணெய் அளவோடு திரும்பி வந்தது. படுக்கப் போகும் முன் கண்டிப்பாக ஒரு சின்னச் சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு ஆகாது என்று ஆயுசு முழுக்கக் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த ஒன்றைப் பழகத்தான் அதிக நாள் ஆயிற்று. வேகாத சிப்பி வகைகள் மட்டும் சிரோசிஸ்காரர்களுக்குக் கூடவே கூடாது, அதில் வரும் ஒரு கிருமி உயிரையே எடுத்துவிடும்.

காபியை விடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். விடச் சொல்லவில்லை. 2009-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இன்டர்ஃபெரான் பலிக்காத ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் தினம் மூன்று கோப்பையும் அதற்கு மேலும் காபி குடித்தவர்களுக்கு ஈரல் மோசமாவது குறைவாக இருந்தது. தேநீருக்கு அந்த யோகம் இல்லை. காபிதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, காபி குடிக்கத் தெம்பிருப்பவர்கள் அவர்களாகவே ஆரோக்கியமாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் எல்லாவற்றுக்கும் கூடாது கூடாது என்று கேட்டவள், குடிக்கலாம் என்ற ஒரு சொல்லை விடுவேனா? சர்க்கரை இல்லாமல், மூன்று கோப்பை.

78 கிலோ இரண்டு வருஷத்தில் 70 ஆனது. பத்தில் ஒரு பங்கு. ஈரல் கொழுப்பு உண்மையிலேயே இறங்கத் தொடங்கியது அந்த அளவில்தான். இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டுக்குப் போகிறேன், சிரோசிஸ் வந்தவர்களுக்கு வைரஸ் போன பிறகும் புற்றுநோய் வரும் ஆபத்து மிச்சம் இருப்பதால். போன மாதம் போனபோது அங்கே ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல தாட்டியான உடம்பு, கையில் புது ஃபைல். எடை மெஷினுக்கு முன்னால் நின்று வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்ன மருந்து எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னாள். "போட்டுக்கோ கண்ணு" என்றேன். "அது எடையெல்லாம் பார்க்காது. நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது மாத்திரை போடறியா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஆமா ஆன்ட்டி. ஏன்?"